மருந்தடிக்காத மூன்று நிரைகள்

எங்கள் குவார்ட்டர்ஸில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் தேயிலைதான். சமையலறை ஜன்னலில் தேயிலை, படுக்கையறை ஜன்னலில் தேயிலை, குளியலறையில் கைக்குட்டை அளவுக்கு ஒன்று வைத்திருக்கிறார்களே, அதிலும் தேயிலை. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து குன்னூர்ப் பக்கம் இந்த எஸ்டேட்டுக்கு வந்த புதிதில், கூட வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என்ன அழகு, என்ன அழகு என்று வாயைப் பிளந்தார்கள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அவர்கள் அன்று சாயங்காலமே வேனில் ஏறி மலையிறங்கிப் போய்விட்டார்கள். நான் இருந்துவிட்டேன். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் அந்தத் தேயிலையும் தெரியாது. யாரிடமாவது சண்டை போட்டுப் பொழுதைக் கழிக்கலாம் என்றால் அதற்கும் ஆள் கிடைக்காது.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை. எந்தக் காட்டில் இன்றைக்குக் கொழுந்து பறிக்க வேண்டும், எங்கே செடியை வெட்டிவிடும் கவாத்து, எங்கே மருந்து என்று பார்த்து ஆட்களைப் பிரித்து அனுப்புகிற வேலை. இங்கே தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் காடு என்றுதான் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. மானேஜர் திட்டினால் அவர் வாங்கிக்கொள்வார். தனக்குக் கீழே இருக்கிறவர்களைத் திட்டமாட்டார். வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். வாய் நீளம் எனக்குத்தான். ஆனால் குடியிருக்கும் வீடு எஸ்டேட்டுடையது. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அதனால் அந்த வாயை நான் நாலு சுவருக்குள்ளேயே செலவழித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருந்தபோதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிரஸ்ட்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சாப்பிடும் மதியச் சாப்பாட்டை நல்ல சாப்பாடாக்குவது அவர்கள் வேலை. அரசாங்கம் போடும் அரிசியும் பருப்பும் முட்டையும் இருக்கட்டும், கூடவே மருந்தடிக்காத காய், கீரை, வாரத்தில் ஒரு நாள் சாமையோ ராகியோ. காயை எங்கிருந்தோ லாரியில் கொண்டுவராமல் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே விளைவிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூரில் ஒரு பொம்பளை வேண்டும் என்றார்கள். படித்தவள், சும்மா இருப்பவள், இரண்டு பொருத்தமும் எனக்கு இருந்தது. வீட்டைவிட்டு வெளியே போக ஒரு கதவு திறந்தது என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

தோட்டத்துக்கு நிலம் கொடுத்தவர் மானேஜர். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் பின்னால், ஏழாம் நம்பர் காட்டை ஒட்டி ஒரு சரிவு சும்மா கிடந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேலி போட ஆள்கூட அனுப்பினார். காட்டெருமை ஒருமுறை அந்த வேலியோடு சேர்த்து முள்ளங்கியையும் மிதித்துவிட்டுப் போனது. மறுபடியும் ஆள் அனுப்பினார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லவே முடியாது. என் எரிச்சலைத் தூக்கி யார் தலையிலாவது போடலாம் என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்திருக்கிறேன், அவர் தலை அதற்கு ஒத்துவரவில்லை.

பாலக்கு வந்தது, கொத்தமல்லி வந்தது, பீன்ஸ் கொடி ஏறியது. சமைக்கிற அக்கா முதலில் முணுமுணுத்தார். கீரை ஆய்வதற்கு இன்னொரு கை யார் தருவார்கள் என்றார். நானே போய் உட்கார்ந்து ஆய்ந்தேன். கோயம்புத்தூர் ஆபீஸ் அனுப்பிய சமையல் குறிப்புப்படி கொண்டைக்கடலையை ஊறவைத்து அண்டாவில் போட்டால் மதியமணி அடித்த பிறகும் அது கல்லாகவே கிடந்தது. இந்தக் குளிருக்கும் உயரத்துக்கும் குக்கர் இல்லாமல் கடலை வேகாது என்று கீழே ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் அதைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கோலிக்குண்டு விளையாடினார்கள். ஆனால் கீரைக் கூட்டு போடும் நாளில் தட்டு வழித்த மாதிரி இருக்கும். ‘கீரை மிஸ்’ என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கும்.

ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குப் போனபோது கொத்தமல்லியில் கொத்தமல்லி வாசம் இல்லை. வேறொரு நெடி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் ஏழாம் நம்பரில் முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு நாலு பேர் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. அன்றைக்குக் கீரை கிடையாது என்று சமையல் அக்காவிடம் சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போனேன்.

அன்று நான் போட்ட சண்டையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை வலிக்கிறது. என் பிள்ளைகள் சாப்பிடும் கீரையில் நீங்கள் விஷம் அடிக்கிறீர்கள் என்றேன். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, காட்டைக் கொண்டுபோய் வேறெங்கே வைப்பது என்று கேட்டார். எனக்கு இன்னும் ஏறியது. கடைசியில் அவரே மானேஜரிடம் பேசி ஒரு வழி கொண்டுவந்தார். தோட்டத்தை ஒட்டியிருக்கும் முதல் மூன்று நிரையில் மருந்தே அடிப்பதில்லை. அதற்கு அப்பால் அடிப்பதும் பள்ளிக்கூடம் இல்லாத நாளில், காற்று பார்த்து. டிரஸ்ட்டில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நிரை என்பது செடிகளின் வரிசை. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துத்தான் மேலே ஏறுவார்கள். எங்கள் எஸ்டேட்டில் அவர்கள் நிற்கிற வரிசை மாறாது. ஏழாம் நம்பரில் முதல் நிரை யாருடையதோ அது எப்போதும் அவளுடையதுதான். அவள் மாமியார் பறித்த நிரையாகக்கூட இருக்கும். செடிக்குச் செடி தெரியும், எது சீக்கிரம் துளிர்க்கும், எதன் அடியில் கல் இருக்கும் என்று. இதெல்லாம் எனக்கும் தெரிந்த விஷயம். கண்டக்டர் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்று நிரையை விட்டுவிடுங்கள் என்று கேட்டபோது செடிகள் மட்டும்தான் என் கண்ணில் பட்டன. அதற்குப் பின்னால் மூன்று பொம்பளைகள் கூடையோடு நிற்பதை நான் பார்க்கவில்லை.

மழை முடிந்து வெயில் அடிக்கத் தொடங்கியதும் கொசு வந்தது. நம்மைக் கடிக்கிற கொசு இல்லை, தேயிலைக்கென்றே வருவது. இளந்தளிரில் குத்தி உறிஞ்சும். குத்தின இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கருகி, கொழுந்து சுருண்டு காய்ந்துவிடும். மருந்தடித்த நிரைகள் பச்சென்று இருந்தன. என்னுடைய மூன்று நிரைகள் மட்டும் வெந்நீர் ஊற்றின மாதிரி கருகி நின்றன. அதிலும் தோட்டத்தை ஒட்டிய முதல் நிரைதான் மோசம்.

அந்த முதல் நிரைக்காரியை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் மகள் நாலாம் வகுப்பு. கீரைக்கு இரண்டாம் தடவை தட்டு நீட்டுகிற பெண். ஆத்தாளும் வேலிக்கு அந்தப் பக்கம் பறித்துக்கொண்டே, இன்னைக்கு என்னங்க சாப்பாடு என்று கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நின்றது. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. எடை போடும் இடத்தில் எல்லாரும் கூடையைக் கொட்டும்போது அவள் கூடை பாதிகூட இல்லாமல் இருந்ததைக் கண்ட அன்றுதான் புரிந்தது. எங்கள் எஸ்டேட்டில் கூலி ஒரு பக்கம், அதற்கு மேல் பறிக்கிற கொழுந்துக்குக் கிடைப்பது ஒரு பக்கம். வீட்டில் ஏதாவது மிச்சம் என்றால் அது அந்த இரண்டாவதிலிருந்துதான் வர வேண்டும். அவள் தராசைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து எனக்குத் தோட்டத்துக்குப் போகவே கசந்தது. டிரஸ்ட் ஆபீஸுக்குப் போன் போட்டேன். தோட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்றார் அங்கே இருந்த சார். எங்கே மாற்றுவது? பள்ளிக்கூடமே எஸ்டேட் நிலத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பக்கம் ஏழாம் நம்பர், அந்தப் பக்கம் ஒன்பதாம் நம்பர், எதிரே ரோடு, ரோட்டுக்குக் கீழே பள்ளம். அருவங்காட்டில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் என் தங்கையிடம் புலம்பினேன். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து ஒரு வாரம் இரு என்றாள். வேலையை நான் விட்டால் கீரை நின்றுவிடும், விடாவிட்டால் அந்த நிரை கருகித்தான் கிடக்கும். என்ன செய்தாலும் யாரோ ஒருத்தர் தலையில்தான் விடிகிறது.

கடைசியில் முதல் நிரைக்காரியே வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம், பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நான் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே நின்று, கண்டக்டர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

“எங்க நெரையிலயும் மருந்தடிச்சுப்போடச் சொல்லுங்கம்மா. மத்த ரெண்டு பேரும் எங்கிட்டச் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க.”

பிள்ளைகள் சாப்பிடுகிற கீரை, உன் மகள் சாப்பிடுகிற கீரை என்று ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். நிரையை மாற்றி மாற்றிப் பிடித்தால் என்ன, ஒரே ஆள் நஷ்டப்பட வேண்டியதில்லையே என்றும் சொன்னேன். அதையும் கேட்டுப் பார்த்தாச்சாம். யாரும் தன் நிரையை விட்டுக்கொடுக்கவில்லை. தானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள் என்று அவளே சொன்னாள். எனக்கு வாதம் தீர்ந்துகொண்டே வந்தது. வாதம் தீர்ந்தால் எனக்குக் கோபம் வரும். பெற்ற பிள்ளை வாயில் மருந்து போனால் பரவாயில்லையா என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. தலையிலிருந்த கூடையை இறக்கி, கொழுந்தை ஒதுக்கி, அடியில் ஒரு துணியில் சுற்றியிருந்ததை எடுத்துக் காட்டினாள். சுக்குட்டிக் கீரை. மணத்தக்காளி என்று கீழே சொல்கிறோமே, அதுதான். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தானாக முளைத்துக் கிடக்கும். பறிக்கப் போகிற பெண்கள் போகிற போக்கில் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் பக்கம் போனால் பாதி அடுப்பில் அந்த வாசம்தான். இதுவும் எனக்குத் தெரியாதது இல்லை. என் வீட்டுக்கே யாராவது கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

“ராத்திரிக்கு எம்புள்ளைக்கு இதுதானுங்க. மருந்தடிச்ச காட்டுலயும் கிள்ளுவோம், அடிக்காததுலயும் கிள்ளுவோம். மழை வந்தாக் கழுவிரும், இல்லாட்டி நாலு தண்ணி ஊத்திக் கழுவிக்குவோம். கடையில விக்கற காய்க்கும் மருந்துதானுங்களே அடிக்கறாங்க? நீங்க மத்தியானத்துக்கு ஒரு கரண்டி நல்ல கீரை போடறீங்க. அதுக்கு நான் கூடை நெறைய விட்டுக்குடுக்கறேன். எங்கூட்டுல மிச்சம் ரெண்டு நேரம் இருக்குதுங்கம்மா.”

சொல்லிவிட்டுக் கீரையை மறுபடி துணியில் சுற்றி அடியில் வைத்தாள். மேலே கொழுந்தைப் பரப்பினாள். நான் ஐயாவிடம் சொல்கிறேன் என்றேன்.

சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. எதற்காக அவரிடம் தொண்டை கிழியக் கத்தினேனோ, அதையே திருப்பிச் செய்யுங்கள் என்று அதே சமையலறையில் நின்று கேட்க வேண்டும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. சோறு போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“ஏனுங்க, அந்த மூணு நெரைக்கும் மருந்தடிச்சிருங்க.”

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “சனிக்கிழமை அடிக்கறதுக்கு ஆள் சொல்லியாச்சு. போன வாரமே சொல்லிட்டேன். நீயா ஒரு வார்த்தை கேக்கட்டும்னு இருந்தேன்” என்றார்.

அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. முன்பே சொல்லியிருந்தால் நான் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், பழியை அவர் மேலே போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசதியைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை. கேட்டவள் நான்தான் என்று ஆகிவிட்டது. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றார்.

வெள்ளிக்கிழமை தோட்டத்தில் இருந்த கீரை முழுவதையும் அறுத்துச் சமைத்துப் போட்டோம். சனிக்கிழமை காலையில் என் சமையலறை ஜன்னல் வழியாகவே ஏழாம் நம்பரில் மருந்தடிக்கிறவர்கள் ஏறுவது தெரிந்தது. ஜன்னலைச் சாத்தினேன். திங்கட்கிழமை மேல்விளிம்பில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நின்றது. மருந்தடித்த காடு, சில நாளைக்கு உள்ளே போகாதே என்று அர்த்தம். தோட்டத்தில் துளிர்த்த எதையும் பறிக்க வேண்டாம் என்று சமையல் அக்காவிடம் சொல்லிவிட்டுக் குன்னூர் மார்க்கெட்டிலிருந்து கீரை வாங்கிவந்தேன். அது எந்தத் தோட்டத்துக் கீரை, அதில் என்ன அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டேன். நல்ல கீரைங்க என்றார்.

நாலாம் வகுப்புக்காரி இரண்டாம் தடவை தட்டு நீட்டவில்லை. பந்தி முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்று, இது நம் தோட்டத்துக் கீரையா என்று கேட்டாள். இல்லை, மார்க்கெட்டில் வாங்கினது என்றேன். அவள் எனக்காகப் பரிதாபப்பட்டாள். முகத்திலேயே தெரிந்தது. எங்கம்மா செய்வது இதைவிட நன்றாக இருக்கும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஓடிவிட்டாள்.

மறுநாள் கொண்டுவந்துவிட்டாள். சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்தால் வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கிய சுக்குட்டிக் கீரை. எந்தக் காட்டில் கிள்ளியது என்று நான் கேட்கவில்லை. லைனுக்குப் போகும் பாதை ஏழாம் நம்பர் ஓரமாகத்தான் போகிறது. நான் கேட்காமலே அவள் சொன்னாள்.

“எங்க நெரையிலயே கிள்ளினது மிஸ். மிஸ்ஸுக்குன்னு சொன்னதும் அம்மா நல்ல தளிராப் பார்த்துக் கிள்ளுனாங்க.”

டப்பாவை மூடி வைத்துவிட்டு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நகரவில்லை. ஆறிவிடும் மிஸ் என்றாள். வேறு வழியில்லாமல் சோற்றைப் போட்டுக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். ஒரு வாய் பிசைந்து வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் தட்டை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் கொஞ்சம் போடுங்க மிஸ் என்று நீட்டினாள்.

டப்பாவை வெடுக்கென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இது எனக்கு, நான் தரமாட்டேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்வதுபோலத்தான் சொல்ல நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை. சுற்றி இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். குனிந்த தலை நிமிராமல் அந்தக் கீரை முழுவதையும் தின்றேன். டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தின்றேன். முடித்து நிமிர்ந்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸுக்கு இத்தனை பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதாம்.

“அம்மாகிட்டச் சொல்றேன் மிஸ். இனிமேல் தெனமும் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் செய்யச் சொல்றேன்” என்றாள்.